அம்மாவுடன் போன ஊர்

டிஜோன் நிலையத்தில் இரயில் மாறித் தெற்கு நோக்கிப் புறப்பட்டதும், வலப்பக்கச் சன்னலில் ஒரு குன்றுச் சரிவு தோன்றியது. அதன் பிறகு அது எங்களை விட்டு விலகவே இல்லை. சரிவு முழுவதும் பச்சைக் கோடுகள். யாரோ பெரிய சீப்பை எடுத்துக் குன்றை வாரிவிட்டது போல் இருந்தன. அம்மா நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

“நிரை பிடித்து நட்டிருக்கிறார்கள். என்ன பயிர்?”

“திராட்சை, அம்மா.”

“இவ்வளவு திராட்சையை யார் தின்பார்கள்?”

நான் பதில் சொல்லாமல் பையைத் தேடுவதுபோல் பாவனை செய்தேன்.

பாரிசில் ஒரு வாரப் பயிலரங்கு முடிந்து, கையில் மூன்று நாள் விடுப்பு மிச்சம் இருந்தது. வாழ்நாளில் ஒரு முறையாவது நெடுந்தூர விமானத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட அம்மாவையும் உடன் அழைத்துச் சென்றிருந்தேன். பெருநகரத்துக் கூட்டமும் சுரங்க இரயில் படிக்கட்டுகளும் அவருடைய முழங்காலைப் படுத்தி எடுத்துவிட்டன. அமைதியான சிற்றூர் ஒன்றைத் தேடியபோது, பிரான்சின் கிழக்கே பர்கண்டி வட்டாரத்தில் இருக்கும் இந்தச் சந்தை நகரம் கண்ணில் பட்டது. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் வாழும் ஊர். பழைய கோட்டைச் சுவர், சனிக்கிழமைச் சந்தை, வாகனத் தொல்லையில்லாத மிதிவண்டிப் பாதை. ஊரின் பெயர் போன்.

“போனா? நாம் போகும் ஊருக்குப் பெயரே போனா?” என்று அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. போன், திராட்சை மதுவின் தலைநகரங்களுள் ஒன்று என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. அம்மா பதினான்காம் வயதில் கெடா மாநிலத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவத் தொடங்கியவர். அப்பாவும் அதே தோட்டத்தில்தான் வேலை செய்தார். சம்பள நாள் மாலையில் அப்பா கள்ளுக்கடையைத் தாண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்ததாக எனக்கு நினைவே இல்லை. பிறகு கள் போய்ச் சாராயம் வந்தது. நான் ஐந்தாம் படிவம் படித்த ஆண்டில், கல்லீரல் கெட்டு, மாவட்ட மருத்துவமனையில் இறந்துபோனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குடியைப் பற்றிய பேச்சும் இல்லை; அப்பாவைப் பற்றிய பேச்சும் இல்லை. இரண்டும் ஒன்றே என்பதுபோல் அம்மா வாயை மூடிக்கொண்டார்.

போன் நகரத்தின் பழைய பகுதியைச் சுற்றிலும் கற்கோட்டைச் சுவர் வளைந்து செல்கிறது. அதை ஒட்டியே நடந்தால் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். உள்ளே கருங்கல் பாவிய குறுகலான தெருக்கள். நாங்கள் இறங்கியது சனிக்கிழமை என்பதால் சந்தை கூடியிருந்தது. செர்ரிப் பழங்களும் ஆட்டுப்பால் கட்டிகளும் கூடை கூடையாக இருந்தன. ஒரு கடையில் நத்தை விற்றார்கள். பர்கண்டி நத்தை உலகப் புகழ் பெற்றது என்று நான் பெருமையாகச் சொன்னபோது, “நம் ஊரில் மருந்துக்குத் தின்போம், இங்கே விருந்துக்குத் தின்கிறார்கள்” என்று சொல்லிவிட்டு அம்மா செர்ரிப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

சந்தையைத் தாண்டி ஒரு சதுக்கத்தில் சிலை ஒன்று நின்றது. 1746இல் இவ்வூரில் பிறந்த கணித மேதை காஸ்பார் மோன்ஜின் சிலை அது. பொருள்களின் முப்பரிமாண வடிவைத் தாளில் வரைந்து காட்டும் வரைகணிதத்தை உருவாக்கியவர் அவர். நம் மாணவர்கள் தொழில்நுட்ப வரைதலில் படிக்கும் மேற்காட்சி, முன்காட்சி எல்லாம் அந்த வழியில் வந்தவையே. நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க, அம்மாவின் கண்கள் சதுக்கத்தைச் சுற்றியிருந்த கடைகளில் இருந்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிக்குப் பின்னால் போத்தல்கள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் வியர்த்தது.

கடுகு ஆலைக்குள் நுழைந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. 1840ஆம் ஆண்டு முதல் இவ்வூரில் இயங்கிவரும் ஃபாலோ என்ற ஆலை, கடுகை இன்னமும் கல் திரிகையில் அரைக்கிறது. வேகமாக அரைத்தால் சூடேறிக் காரம் பறந்துவிடும். கல் மெதுவாகச் சுழன்றால்தான் மணம் நிற்கும் என்று விளக்கினார்கள். அம்மியில் அரைத்து வளர்ந்தவருக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சிறு கரண்டி வாயில் வைத்த அம்மாவுக்குக் காரம் மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வந்துவிட்டது. “நாம் தாளிக்கிறோம், இவர்கள் துவையல் அரைக்கிறார்கள்” என்றார். அவ்வளவு அருமையான விளக்கத்தை ஆலையின் வழிகாட்டிகூடத் தரவில்லை.

பிற்பகலில், ஊரின் பெருமையாகிய பழைய மருத்துவமனைக்குச் சென்றோம். ஓட்டெல் தியூ என்பது அதன் பெயர். இறைவனின் இல்லம் என்று பொருள். நூறாண்டுப் போரும் பஞ்சமும் மக்களை வாட்டியெடுத்த காலத்தில், பர்கண்டிச் சிற்றரசரின் தலைமை அமைச்சர் நிக்கோலா ரோலன் என்பவரும் அவருடைய மனைவி கிகோன் டி சலான் அம்மையாரும் 1443இல் ஏழைகளுக்காக இதை நிறுவினார்கள். 1452இல் முதல் நோயாளி சேர்ந்தார். 1971 வரை, அதாவது ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, அதே கட்டடத்தில் நோயாளிகள் படுத்திருந்தார்கள்.

முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரை கண்ணைப் பறிக்கும். சிவப்பு, பழுப்பு, மஞ்சள், பச்சை ஓடுகளைப் பாய் முடைந்ததுபோல் கோலமாக அடுக்கியிருக்கிறார்கள். ஆனால், அந்தக் கூரையைவிட உள்ளே இருந்த ஏழைகள் கூடமே என்னை நிறுத்தியது. ஏறத்தாழ 50 மீட்டர் நீளம். கவிழ்த்த படகின் உட்புறம் போன்ற மரக்கூரை. இருபுறமும் சுவரோரமாகச் சிவப்புத் திரையிட்ட கட்டில்கள். கூடத்தின் கடைசியில் வழிபாட்டு மேடை. படுத்த படுக்கையிலிருந்தே அதைப் பார்க்கலாம். ஒரு கட்டிலில் இரண்டு பேரைப் படுக்க வைத்த காலமும் உண்டாம். அம்மா ஒரு கட்டிலின் திரையை விரலால் தொட்டுப் பார்த்து, “மறைப்பு இருக்கிறது” என்றார். அப்பா கடைசி நாள்களைக் கழித்த பொது வார்டில் கட்டில்களுக்கு நடுவே மறைப்பு ஏதும் இல்லை. அம்மா அதை நினைத்துத்தான் சொன்னாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

பழைய மருந்தறையில் சாடிகள் வரிசையாக நின்றன. அவற்றுள் ஒன்று மரப்பேன் பொடிக்கு உரியது. அந்தக் கால மருத்துவத்தை நினைத்தால் நோயே மேல் என்று தோன்றியது.

வெளியே வந்து முற்றத்து விளிம்பில் அமர்ந்தோம். அம்மா மெதுவாகக் கேட்டார்: “ஏழைகளுக்கு இத்தனை காலம் வைத்தியம் பார்த்திருக்கிறார்களே, பணம் எங்கிருந்து வந்தது?”

இனி மறைக்க வழியில்லை. செல்வர்கள் பலர் தங்கள் திராட்சை நிலங்களை இந்த மருத்துவமனைக்குத் தானமாக எழுதி வைத்தார்கள் என்றும், இன்றும் அதற்கு ஏறத்தாழ 60 ஹெக்டர் நிலம் இருக்கிறது என்றும், அதில் விளையும் மதுவை 1859ஆம் ஆண்டு முதல் நவம்பர் மாதத்தில் பீப்பாய் பீப்பாயாக ஏலம் விட்டுக் கிடைக்கும் பணம் மருத்துவப் பணிக்குப் போகிறது என்றும் சொன்னேன்.

அம்மா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடைகளில் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ எப்போது வாயைத் திறப்பாய் என்றுதான் காத்திருந்தேன்.”

“உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமே என்று...”

“உன் அப்பாவைக் கொண்டுபோனது இந்தச் சாமான்தான். இங்கே அதே சாமானை விற்று ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள். எனக்கு இரண்டையும் ஒரே மனதில் வைக்கத் தெரியவில்லை.” சிறிது நேரம் கழித்து, “நாளைக்குச் சைக்கிள் என்றாயே, எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

மறுநாள் காலை, பூசேஸ் பூங்காவின் அருகிலிருந்து புறப்பட்டோம். கொடிகளின் வழி என்று பெயர் பெற்ற பாதை அங்கே தொடங்கி, போமார், வோல்னே, மெர்சோ ஆகிய சிற்றூர்களைக் கடந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சான்தனே வரை போகிறது. அம்மாவின் முழங்காலை எண்ணி மின்கலம் பொருத்திய மிதிவண்டி இரண்டை வாடகைக்கு எடுத்திருந்தேன். அறுபத்தெட்டு வயதில் ஓட்ட முடியுமா என்ற என் கவலை ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. விடியற்காலை இருட்டில், தலையில் கட்டிய விளக்கோடு, செம்மண் பாதையில் ஓட்டிப் பழகியவர் அவர். முதல் மேட்டிலேயே என்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்.

பாதையின் இருமருங்கும் திராட்சைக் கொடிகள்தாம். கொடி என்கிறோமே தவிர, படர விடுவதில்லை. இடுப்புக்குச் சற்று மேலே வெட்டி, கம்பிகளுக்கிடையில் நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு நிரைக்கும் அடுத்த நிரைக்கும் ஒரு மீட்டர்தான் இடைவெளி. ஒரு ஹெக்டரில் ஏறத்தாழ பத்தாயிரம் செடிகள். அவ்வளவு நெருக்கத்தில் சாதாரண டிராக்டர் நுழைய முடியாது. ஆகவே, நெட்டைக் கால்களை அகட்டி நிரையின் இருபுறமும் வைத்து, செடிகளின் தலைக்கு மேலாகவே ஊர்ந்து போகும் விநோதமான டிராக்டரைப் பயன்படுத்துகிறார்கள். அதைக் கண்டு அம்மா வண்டியை நிறுத்திவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

நான் குன்றையும் தேவாலயக் கோபுரங்களையும் படம் பிடித்துக்கொண்டே வந்தேன். அம்மா பார்த்தவை வேறு. “இந்த நிரையில் களை எடுக்கவில்லை” என்பார். “இந்தச் சுவர்க் கல்லெல்லாம் எங்கிருந்து வந்தது? நிலத்தில் பொறுக்கியதுதானே?” என்பார். அவர் சொன்னது சரி. சுண்ணாம்புப் பாறை நிலத்தைத் திருத்தும்போது கிடைத்த கற்களைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, சாந்து பூசாமல் அடுக்கி எழுப்பிய சுவர்கள் அவை. மழைக்கு ஒதுங்கக் கட்டிய சிறு கற்குடில்களும் ஆங்காங்கே நிற்கின்றன. படத்தில் அழகாகத் தெரிந்த அனைத்தும் யாரோ முதுகு வளைத்துச் செய்த வேலை என்பது, அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் எனக்கு உறைத்திருக்காது.

வோல்னேயைத் தாண்டியதும் ஒரு நிலத்தில் நாலைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஜூன் மாதத்தில் தளிர்கள் வேகமாக நீளும். அவை சாய்ந்து விழாமல் கம்பிகளை உயர்த்தித் தளிர்களை உள்ளே செருக வேண்டும். பாதையோரத்தில் இருந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். அம்மா வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “நாள் கூலியா, அளவுக் கூலியா என்று கேள்” என்றார்.

திறன்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைக் கொண்டு தயக்கத்தோடு கேட்டேன். அந்தப் பெண்மணி முதலில் வியந்தார். பிறகு சிரித்துக்கொண்டே நிலத்தைக் கையால் அளந்து காட்டினார். அவர் ஏற்றுக்கொண்ட பரப்புக்கு இவ்வளவு என்று கணக்காம்; குளிர்காலத்தில் கவாத்து வெட்டுவதிலிருந்து இந்த வேலை வரை அதில் அடங்குமாம்.

“அப்படியானால் கங்காணி பின்னால் நிற்க வேண்டியதில்லை” என்று அம்மா தலையாட்டினார். அதை மொழிபெயர்க்கச் செயலிக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்மணி அம்மாவைக் கையசைத்து அழைத்து, ஒரு செடியைச் செய்து பார்க்கச் சொன்னார். அம்மா இரண்டு தளிர்களைச் செருகினார், மூன்றாவது முறிந்துவிட்டது. சிறு பிள்ளைபோல் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அவர் கீழே குனிந்தார். மண்ணுக்குச் சற்று மேலே, தண்டில் முழங்கால் சில்லுபோல் ஒரு புடைப்பு இருந்தது. அதை உள்ளங்கையால் தடவினார். அடுத்த செடியிலும் பார்த்தார். அதற்கடுத்த செடியிலும் பார்த்தார்.

“இது ஒட்டு.”

உண்மைதான். 1860களில் வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்ற நுண்ணிய பூச்சி, வேரைத் தாக்கிப் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பெருமளவில் அழித்துவிட்டது. மருந்துகள் பலவற்றை முயன்றும் பெரிய பயன் இல்லை. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்மேல் தங்கள் கொடியை ஒட்டுக் கட்டியபோதுதான் தோட்டங்கள் பிழைத்தன. இன்றும் அப்படித்தான் நடுகிறார்கள். மேலே பர்கண்டி, மண்ணுக்குள் அமெரிக்கா. நம் இரப்பர் மரமும் தென் அமெரிக்காவில் பிறந்து, 1877இல் இலண்டன் வழியாகச் சிங்கப்பூருக்குக் கன்றாக வந்து சேர்ந்ததுதானே!

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டதாகத் தெரியவில்லை.

“உன் அப்பா ஒட்டுக் கட்டுவதில் கெட்டிக்காரர்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா என்ன வேலை செய்தார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தோட்ட வேலை என்பதோடு என் அறிவு நின்றிருந்தது.

சுவரோரத்து நிழலில் உட்கார்ந்து அம்மா பேசினார். நாற்றங்காலில் குனிந்தபடியே கன்றின் பட்டையைச் சன்னல்போல் கீறித் திறக்க வேண்டுமாம். நல்ல மரத்திலிருந்து எடுத்த மொட்டை அதற்குள் வைத்துக் கட்ட வேண்டும். கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போனாலும் கெட்டுவிடும். வியர்வைத் துளி பட்டாலும் கெட்டுவிடும். மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்ப்பார்கள். மொட்டு பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். “மற்றவர்கள் கட்டினால் நூற்றுக்கு அறுபது, எழுபது பிடிக்கும். அவர் கட்டினால் தொண்ணூறுக்குக் குறையாது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து துரையே கார் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார்.” அம்மா தன் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார். “பின்னால் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. கத்தியை வாங்கிக்கொண்டு களை எடுக்க அனுப்பினார்கள். அந்த வருத்தத்துக்கு இன்னும் குடித்தார். குடித்ததால் கை நடுங்கியது. கை நடுங்கியதால் குடித்தார். நான் என்ன செய்ய முடியும்?”

அந்தப் பெண்மணி தன் நிரையின் கோடிக்குப் போய்விட்டு, அடுத்த நிரையில் எங்களை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருந்தார். அம்மா எழுந்து புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

மெர்சோவில் மதிய உணவு. அந்த ஊர் நகராட்சி மண்டபத்துக்கும் வண்ண ஓட்டுக் கூரைதான். விடுதியில் வாங்கிய வரைபடத்தை மேசையில் விரித்து நிலங்களின் பெயர்களைப் படித்துக் காட்டினேன். இந்தச் சரிவில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர் உண்டு. மண்ணும் சாய்வும் வெயில் படும் திசையும் சற்று மாறினால் பழத்தின் சுவையும் மாறுகிறது என்பதால், நூற்றாண்டுகளுக்கு முன்பு துறவிகள் தொடங்கிப் பிரித்துப் பிரித்துப் பெயரிட்டு வந்திருக்கிறார்கள். இத்தகைய 1,247 நிலத் துண்டுகளை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கல் வெட்டிய இடம் ஒன்றின் பெயர். சூனிப்பர்ப் புதர் நின்ற இடம் ஒன்றின் பெயர். தேனீக்கள் இருந்த அடைப்பு இன்னொன்று.

“நம் தோட்டத்திலும் பெயர் இருந்தது” என்றார் அம்மா.

“எண்தானே போட்டிருந்தார்கள்?”

“எண் கிராணியின் புத்தகத்தில். நாங்கள் பெயர் சொல்லித்தான் போவோம்.”

மூன்றாம் நாள் வாடகைக் காரில் வோஷினியோன் என்ற ஊருக்குச் சென்றோம். அங்கே பாறைச் சுவர்கள் அரைவட்டமாகச் சூழ்ந்த பள்ளத்தாக்குக்கு உலகத்தின் கடைசி என்று பெயர். நிழலான நடைபாதையும் ஓர் அருவியும் உண்டு. கோடையில் அருவி நூலாக மெலிந்திருந்தது; நம் நாட்டு அருவிகளில் குளித்தவர்களுக்கு அது பெரிதாகத் தோன்றாது. பாறைகள் மட்டும் உண்மையிலேயே கம்பீரம்.

அன்று மாலை டிஜோனுக்குத் திரும்பும் இரயிலில், குன்று இப்போது இடப்பக்கச் சன்னலில் வந்தது. அம்மாவின் மடியில் கடுகுச் சாடிகள் ஆறு. நான் வரைபடத்தின் பின்புறத்தை நீட்டி, தோட்டத்துப் பெயர்களைச் சொல்லச் சொன்னேன். அந்தத் தோட்டம் விற்கப்பட்டு, பாதி செம்பனையாகவும் பாதி வீடமைப்புப் பகுதியாகவும் மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அம்மா கண்களை மூடிக்கொண்டு, வேலைக்குப் போகும் வழியில் நடப்பவர்போல் ஒவ்வொன்றாகச் சொன்னார். கோயில்காடு. பள்ளத்துக்காடு. சீனன்காடு. பெரிய மேடு. ஆற்றோரக்காடு. நாற்றங்காலை ஒட்டி, அப்பா ஒட்டுக் கட்டிய கன்றுகளை நட்ட இடம் புதுக்காடு.

பதினொன்று எழுதினேன். பன்னிரண்டு உண்டு என்று அம்மா உறுதியாகச் சொன்னார். ஆனால், கடைசிப் பெயர் நினைவுக்கு வரவில்லை. டிஜோன் நிலையத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடைமேடை மாறும்போது சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“பாலத்துக்காடு. எழுதிக்கொள்.”